மாத்திரையை நிறுத்தினேன், வலி நிற்கவில்லை

கேள்வி: எனக்கு வயது 47. ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம். இருபத்தைந்து வருடங்களாகப் பீடி சுற்றுகிறேன். ஆறு வருடங்களாகத் தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். 50 மைக்ரோகிராமாக இருந்ததை நான்கு மாதங்களுக்கு முன் 75 ஆக்கினார்கள். அடுத்த மாதமே வலது புட்டத்தில் ஆரம்பித்து, பின்தொடை, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை சுர்ரென்று ஒரு வலி. இருமினால், தும்மினால் உயிர் போகிறது. ஸ்கேனில் எல்5–எஸ்1 ஜவ்வு விலகி நரம்பை அழுத்துவதாக எழுதியிருக்கிறார்கள். தைராய்டு மாத்திரைதான் நரம்பைத் தின்கிறது என்று பக்கத்து வீட்டு மதினி சொன்னார். அவருக்கும் அதே மாத்திரை, அதே வலி. இருபது நாளாக மாத்திரையை நிறுத்திவிட்டேன். வலி குறையவில்லை. முகம் ஊதி, எந்நேரமும் தூக்கமாக வருகிறது. நிறுத்துவதற்கு முன் தினமும் காலையில் கருப்பட்டிக் காபியோடு தைராய்டு மாத்திரை, இரத்தச்சோகைக்குத் தந்த இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மூன்றையும் சேர்த்துப் போட்டுவிடுவேன். வலிக்குக் காரணம் மாத்திரையா? ஆபரேஷன் செய்ய வேண்டுமா? குற்றால அருவியில் முதுகைக் காட்டினால் போதும் என்கிறான் மகன். உளுந்தங்களி தின்னச் சொல்கிறார் அத்தை. மகளுக்கு 19 வயது. அவளுக்கும் தைராய்டு வருமா? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நாளைக் காலையிலேயே அதே 75 மைக்ரோகிராமை மறுபடி போடத் தொடங்குங்கள். இருதயக் கோளாறு இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மட்டும் உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். உங்கள் தைராய்டு மாத்திரையில் இருக்கும் லெவோதைராக்சின் உடம்பைவிட்டு மெதுவாகப் போகிற மருந்து. உள்ளே இருப்பதில் பாதி குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் நிறுத்திய முதல் வாரம் உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இருபது நாளில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். முகம் ஊதுவதும் தூக்கம் அழுத்துவதும் அதனால்தான். திரும்பத் தொடங்கினாலும் தெளிச்சி வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். நான்கு நாளில் குணம் தெரியவில்லை என்று மறுபடி நிறுத்திவிடாதீர்கள்.

இந்த மாத்திரை நரம்பைத் தின்பதில்லை. கழுத்துச் சுரப்பி தானே சுரக்கவேண்டிய தைராக்சினைத்தான் வெளியே தயாரித்துத் தருகிறார்கள். 1927-இலேயே அதை ஆய்வகத்தில் செய்து காட்டிவிட்டார்கள். நானும் பதினோரு வருடமாக இதைச் சாப்பிடுகிறவள்தான். அளவு மிஞ்சினால் இதற்கும் தொல்லைகள் உண்டு. அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் பெரிய நரம்பை இது கெடுப்பதில்லை.

மதினியைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். மாத்திரையைக் கூட்டினார்கள், மறுமாதம் வலி வந்தது என்றால் யாரும் அப்படித்தான் முடிச்சுப் போடுவார்கள். ஆனால் நாற்பது தாண்டிய பெண்களிடம் தைராய்டுக் குறைவும் நிறைய, இடுப்பு வலியும் நிறைய. இரண்டும் ஒரே தெருவில் ஐந்தாறு பேரிடம் சேர்ந்தே இருக்கும். உங்கள் மதினியும் பீடிதான் சுற்றுகிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்படியானால் நீங்கள் இருவரும் மாத்திரையை மட்டுமா பகிர்ந்துகொள்கிறீர்கள்? உட்காரும் விதமும் ஒன்றுதானே.

நீங்கள் எழுதியிருக்கும் வலியின் வழித்தடம் தெளிவாக இருக்கிறது. சயாட்டிக் நரம்பு உடம்பிலேயே தடித்த நரம்பு. நம் கட்டைவிரல் பருமன் இருக்கும். கீழ்முதுகில் எல்4 முதல் எஸ்3 வரையிலான நரம்பு வேர்கள் (எல் என்பது இடுப்புப் பகுதி, எஸ் என்பது அதற்குக் கீழே உள்ள பகுதி) ஒன்றுசேர்ந்து, புட்டத்தின் உள்ளே ஓடி, பின்தொடை வழியாக இறங்குகிறது. எல்5 வேர் அழுந்தினால் வலி காலின் வெளிப்பக்கமாக வந்து பெருவிரலுக்குப் போகும். எஸ்1 அழுந்தினால் கெண்டைக்கால் வழியாகப் பாதத்தின் வெளி ஓரத்துக்கும் சுண்டுவிரலுக்கும் போகும். உங்களுக்கு வருவது இரண்டாவது. எல்5–எஸ்1 இடையிலுள்ள ஜவ்வு விலகினால் அழுந்துவதும் பெரும்பாலும் அந்த எஸ்1 வேர்தான். கால் சொல்வதும் ஸ்கேன் சொல்வதும் ஒன்றாக இருக்கின்றன.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தால் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு ஜவ்வு புடைத்திருக்கும். ஆகவே படத்தில் புடைப்பு தெரிந்தால் மட்டும் போதாது. வலி போகும் வழியோடு அது பொருந்த வேண்டும். நான் ஒருமுறை அங்கே சறுக்கியிருக்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்து ஆசிரியை ஒருவர், சுத்த சைவம், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர், இரண்டு பாதமும் எரிகிறது என்று வந்தார். ஸ்கேனில் ஜவ்வு புடைப்பு. நானும் சயாட்டிகா, அதாவது சயாட்டிக் நரம்பு வலி என்றே ஆறு வாரம் வைத்தியம் பார்த்தேன். எரிச்சல் அப்படியே இருந்தது. பயிற்சிக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண்தான் அவருடைய நாக்கைப் பார்த்துவிட்டு, "வழவழவென்று இருக்கிறதே, மேடம்" என்றாள். இரத்தத்தில் பி12 வைட்டமின் தரைமட்டத்தில் இருந்தது. ஊசி போட்டுச் சரிசெய்தோம். சுரப்பியை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குவதால் வரும் தைராய்டுக் குறைவு உள்ளவர்களுக்கு, பி12 குறைவதும் சற்று அதிகம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கும் குறையலாம். உங்களுக்கு ஒரு காலில்தான் வலி என்றாலும், இரத்தம் கொடுக்கும்போது பி12-ஐயும் சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

தைராய்டுக்கும் வலிக்கும் ஒட்டு உறவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மாத்திரை அல்ல, சுரப்பு குறைவதுதான் வலி தரும். தைராக்சின் போதாவிட்டால் தொடையும் தோளும் கனக்கும், சதை பிடித்துக்கொள்ளும், பஸ் படி ஏறக் கால் எழும்பாது. பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், கையை உதறினால் சரியாகும். அது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவது. தைராய்டுக் குறைவில் தசைநார்களைச் சுற்றி நீர்கோத்து வீங்குவதால் அந்த இடம் குறுகிவிடுகிறது. பீடி சுற்றும் கைக்கு அது இரட்டைக் கேடு. உங்களுக்கு அப்படி இருக்கிறதா என்று எழுதவில்லை, கவனித்துப் பாருங்கள். சுரப்பு குறைந்தால் எடை கூடும், அசதியால் நடை குறையும். பழியெல்லாம் இடுப்பில் வந்து விழும்.

இரண்டு நோயும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. குதிகாலுக்கு மேலே கயிறுபோல் விறைப்பாக இருக்கும் நார். நோயாளியை நாற்காலியில் மண்டியிட வைத்துப் பாதங்களைத் தொங்கவிடச் சொல்லி, அந்த நாரில் ரப்பர் சுத்தியலால் தட்டுவோம். நலமாக இருப்பவருக்குப் பாதம் வெடுக்கென்று துள்ளி உடனே திரும்பும். எஸ்1 வேர் அழுந்தியிருந்தால் அந்தப் பக்கப் பாதம் மட்டும் துள்ளாது, அல்லது பேருக்கு அசையும். தைராக்சின் குறைந்திருந்தால் இரண்டு பாதமும் துள்ளும். ஆனால் திரும்பி வருவது மட்டும் மந்தமாக, அரைத்தூக்கத்தில் இருப்பவர் எழுந்திருப்பதுபோல் இருக்கும். இதற்கு ஸ்கேனும் வேண்டாம், செலவும் இல்லை. அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது, குதிகாலில் தட்டிப் பாருங்கள் என்று நீங்களே கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். வீட்டில் நீங்கள் செய்துபார்க்கக்கூடியது ஒன்று: சுவரைத் தொட்டுக்கொண்டு வலது காலால் மட்டும் நின்று முன்பாதத்தில் எக்குங்கள். பத்துமுறை எக்க முடிந்தால் கெண்டைச்சதைக்குப் போகும் நரம்பு வேலை செய்கிறது. இடது கால் செய்வதை வலது கால் செய்ய மறுத்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

இனி அந்தக் கருப்பட்டிக் காபி. உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் நின்றது அந்த வரியில்தான். இரும்புச்சத்தும் கால்சியமும் தைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொண்டு, இரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கும். காபியும் தன் பங்குக்குத் தடுக்கும். ஆறு வருடமாக நீங்கள் 50 மைக்ரோகிராம் விழுங்கினீர்கள். அதில் ஒரு பகுதி உள்ளே சேராமலே போயிருக்கும். பிறகு டி.எஸ்.எச். (தைராக்சின் போதாதபோது இரத்தப் பரிசோதனையில் ஏறும் எண்) கூடியிருக்கிறது என்று மாத்திரையை 75 ஆக்கினார்கள். ஒருவேளை கூட்டவே வேண்டியிருந்திருக்காது. தைராய்டு குறைந்தால் மாதவிலக்கில் போக்கு அதிகமாகி இரத்தச்சோகை வரும், சோகைக்கு இரும்புச்சத்து தருவார்கள், அந்த இரும்பு தைராய்டு மாத்திரையைத் தடுக்கும். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. மூன்று மாத்திரையை மூன்று நாளில் மூன்று பேர் எழுதிக்கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

ஆகவே எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரை மட்டும். நான் தலைமாட்டில் ஒரு செம்புத் தண்ணீரோடு வைத்துக்கொள்வேன். பல் தேய்க்கும் முன்பே போட்டுவிடுவேன். காபியும் பலகாரமும் அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. இரும்புச்சத்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கால்சியம் இரவில். தைராய்டு மாத்திரைக்கும் இவற்றுக்கும் குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்துக்கும் இதே கணக்குத்தான்.

இப்படி ஒழுங்காகப் போட்டால் 75 மைக்ரோகிராமும் முழுமையாக உள்ளே போகும். அது உங்களுக்கு அதிகமாகவும் ஆகிவிடலாம். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். பாருங்கள், அதற்கு முன் பார்த்தால் எண் நிலைகொண்டிருக்காது. படபடப்பு, கைநடுக்கம், காரணமில்லாத வியர்வை, தூக்கமின்மை வந்தால் மட்டும் முன்னதாகவே காட்டுங்கள். அளவு மிஞ்சி வருடக்கணக்கில் போனால் எலும்பு மெலியும். மாதவிலக்கு நிற்கும் வயதை நெருங்குகிற பெண்ணுக்கு அது சின்ன விஷயமில்லை. மெலிந்த முதுகெலும்பு ஒருநாள் நொறுங்கினால் அதுவும் முதுகுவலிதான். மாத்திரை எலும்பைக் கெடுக்கும் என்ற பேச்சு ஊரில் எங்கிருந்து வந்தது என்றால், இங்கிருந்துதான். சரியான அளவில் சாப்பிடுகிறவரைப் பற்றியதல்ல அது.

சரி, வலிக்கு வருவோம். ஜவ்வு என்று நாம் சொல்வது, வெளியே நார்வளையமும் உள்ளே குழகுழவென்ற பொருளும் உள்ள ஒரு திண்டு. நுங்கை ஒருபக்கமாக அழுத்தினால் மறுபக்கம் பிதுங்குகிறதல்லவா, அதுபோலத்தான். முன்னால் வளைந்து உட்கார்ந்தால் பின்பக்கம், நரம்பு இருக்கும் திசையில் பிதுங்கும். இந்தப் பிதுங்கலே காலுக்கு இறங்கும் வலிக்குக் காரணம் என்று அமெரிக்காவில் இரண்டு மருத்துவர்கள் 1934-இல் எழுதிய பிறகுதான் உலகம் நம்பியது. அதுவரை வாதம், குளிர் என்று எதையெதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் உட்காரும் விதத்தை இங்கிருந்தே என்னால் பார்க்க முடிகிறது. தரையில் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, மடியில் சுளகு. சுளகில் வெட்டிய இலை, தூள், நூல். இலையில் தூளை வைத்துச் சுருட்டி, நூல் சுற்றி, முனையை மடக்கும்வரை கண் மடியைவிட்டு எடுபடாது. முதுகு வில்லாக வளைந்தே இருக்கும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி என்பதால் எழுந்திருந்தால் நஷ்டம். நிற்கும்போது இருப்பதைவிடக் குனிந்து உட்காரும்போது ஜவ்வின் மேல் அழுத்தம் கூடுதல். அப்படியே இருபத்தைந்து வருடம்! வலது காலைத்தான் மடக்கி அதன்மேல் சாய்கிறீர்களா என்றும் பாருங்கள். அப்படியானால் புட்டத்திலும் அந்த நரம்பு நசுங்கும்.

தொழிலை விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உட்காருவதை மாற்றுங்கள். தரையில் வேண்டாம், சுவரில் முதுகு சாயும்படி ஒரு பெஞ்சிலோ கட்டிலிலோ பாதம் தரையில் படும்படி உட்காருங்கள். இடுப்பு வளைவுக்குப் பின்னால் ஒரு பழைய சேலையைச் சுருட்டி வையுங்கள். சுளகை மடியில் வைக்காமல் முன்னால் ஒரு ஸ்டூலில் வைத்தால் குனிவது பாதியாகக் குறையும். முதல் வாரம் கை வேகம் வராது, கூலி குறையும். அது தெரிந்துதான் சொல்கிறேன். இரண்டு கட்டு முடிந்ததும் எழுந்து, இடுப்பில் கைவைத்துப் பின்பக்கம் மெதுவாக ஐந்துமுறை வளைந்து, வாசல்வரை நடந்துவிட்டு வாருங்கள். பின்னால் வளையும்போது வலி காலுக்கு இறங்கினால் விட்டுவிடுங்கள். காலிலிருந்து வலி மேலே இடுப்புக்கு ஏறினால் அது நல்ல அறிகுறி. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் இடுக்குவதைக் கொஞ்ச நாள் மகனிடம் விடுங்கள். முழு ஓய்வு என்று படுத்துக் கிடக்காதீர்கள். ஒன்றிரண்டு நாளுக்கு மேல் படுக்கை உதவாது. காலையும் மாலையும் தாங்கும் அளவுக்கு நடங்கள்.

வலி மாத்திரை வேண்டும்போது பாரசிட்டமால் போடலாம். மற்ற வலி மாத்திரைகளை மருத்துவர் சொன்ன அளவில், சில நாளைக்கு மட்டும். மருந்துக் கடையில் நான்கைந்து மாத்திரையைக் காகிதப் பொட்டலத்தில் மடித்துத் தருகிறார்களே, அதைத் தொடாதீர்கள். அதில் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கும். மூன்று நாளில் வலி பறந்துபோனது போலிருக்கும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். நரம்பு மாத்திரை என்று ப்ரீகாபலின் எழுதிக்கொடுத்திருக்கலாம். 2017-இல் ஆஸ்திரேலியாவில் 209 சயாட்டிகா நோயாளிகளிடம் அதைச் சோதித்தார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட அது வலியைக் குறைக்கவில்லை, தலைசுற்றல்தான் கூடியது. ஏற்கெனவே தூக்கத்தில் தள்ளாடுகிற உங்களுக்கு அது எதற்கு? சாப்பிட்டு வருகிறீர்கள் என்றால் திடீரென்று நிறுத்தாமல் கேட்டுக் குறையுங்கள்.

ஆபரேஷனைப் பற்றி. இந்த வலி பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் தணிந்துவிடும். பிதுங்கிய துண்டை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்வதும் உண்டு. நீங்கள் மூன்று மாதத்தில் நிற்கிறீர்கள், அதாவது எல்லையில். ஆனால் இந்த மூன்று மாதமும் அதே தரையில் உட்கார்ந்து, அதிலும் கடைசி இருபது நாள் தைராய்டு மாத்திரையும் இல்லாமல் கழித்த மாதங்கள். காலில் பலம் குறையாதிருந்தால் இன்னும் ஒரு மாதம் மேலே சொன்னபடி இருந்து பாருங்கள் என்பதே என் அபிப்பிராயம். அப்போதும் இதே கடுமை என்றால் தண்டுவட அறுவை மருத்துவரைப் பாருங்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் விடுகிறது, பொறுத்திருந்தவர்களுக்கு மெதுவாக விடுகிறது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். அப்படி ஒருவேளை தேதி குறித்தால், தைராய்டு அளவு சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகே மயக்க மருந்து கொடுப்பார்கள். மாத்திரையை விடக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. சிறுநீர் வராமல் அடைபட்டாலோ, தெரியாமல் போனாலோ, மலம் கட்டுப்படாவிட்டாலோ, தொடை இடுக்கும் பிறப்புறுப்பைச் சுற்றிய இடமும் மரத்துப்போனாலோ, இரண்டு கால்களும் தளர்ந்தாலோ, பாதம் தொய்ந்து செருப்பு தானாகக் கழன்றாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த இரவே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சிறுநீர் விஷயத்தைச் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு நாள் தாமதித்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு பச்சையாக எழுதுகிறேன்.

மகனிடம் சொல்லுங்கள், குற்றாலத்தை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், இப்போது வேண்டாம் என்பேன். அருவித் தண்ணீர் முதுகில் அறைவது ஒருவகை மசாஜ்தான். இறுகிய சதை இளகும், சுகமாக இருக்கும். ஆனால் விலகிய ஜவ்வை அது உள்ளே தள்ளாது. சாரல் காலத்துக் கூட்டத்தில் பாசி பிடித்த பாறையில் மரத்த காலோடு நிற்பது ஆபத்து. வலி தணிந்த பிறகு போய்வாருங்கள். அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் முதுகில் ஏறி மிதிக்கவோ இடுப்பை முறுக்கி நெட்டி எடுக்கவோ விடாதீர்கள். சித்த மருத்துவம் பார்க்க விருப்பம் என்றால் பாளையங்கோட்டையிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போங்கள், தைராய்டு மாத்திரை சாப்பிடுவதை மறைக்காமல் சொல்லுங்கள்.

உளுந்தங்களிக்குத் தடையில்லை. அது ஜவ்வைச் சரிசெய்யாது, நல்ல சாப்பாடு என்பதில் எனக்கு அத்தையோடு சண்டையும் இல்லை. கருப்பட்டியையும் நல்லெண்ணெயையும் மட்டும் கையை அடக்கிச் சேர்க்கச் சொல்லுங்கள். எடை கூடக் கூடாது.

மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நம் ஊரில் பெரியவர்களுக்கு வரும் தைராய்டுக் குறைவில் பெரும்பகுதி, எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதால் வருவது. அது குடும்பத்தில் தொடரும் வாய்ப்பு உண்டு, பெண்களுக்குக் கூடுதலாக. ஆனால் வந்தே தீரும் என்பதில்லை. மாதவிலக்கு ஒழுங்கில்லை, முடி கொட்டுகிறது, அசதி, கழுத்தின் முன்பக்கம் வீக்கம் என்று ஏதாவது இருந்தால் இப்போதே ஒரு டி.எஸ்.எச். பாருங்கள். எதுவும் இல்லையென்றால் அவசரமில்லை. கல்யாணமாகிக் குழந்தைக்குத் திட்டமிடும்போதும், கர்ப்பம் உறுதியான உடனேயும் கட்டாயம் பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்சின்தான் வேண்டியிருக்கிறது. அவளும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறாள் என்றால், பெஞ்சில் அவளுக்கும் இடம் விடுங்கள்.